பனியாற்றுக் கையேட்டில் ஒரு மாமியார்

வடபகுதிப் பனியாறுகளுக்கென்று ஒரு கையேடு இருக்கிறது. நீல அட்டை, செங்கல் கனம். ஒவ்வொரு பனியாற்றுக்கும் பெயர், நீளம், அகலம், எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது, எந்த ஓடைக்குத் தண்ணீர் விடுகிறது என்று ஒழுங்காகப் போட்டிருக்கும். அதில் பாதி தாண்டியதும் 'சுக்ரா பனியாறு' என்று ஒன்று வரும். 'நடுத்தர அளவு. வடக்கு நோக்கியது. ஊர்மக்கள் வழங்கும் பெயர்' என்று கீழே எழுதியிருக்கும். வெளியூரில் இருந்து படிப்பவர்கள் யாரோ அந்தக் காலத்து அரசி என்று நினைத்துக்கொள்வார்கள். அரசியும் இல்லை, அந்தக் காலமும் இல்லை. சுக்ரா பீபி தொக்சா ஊரில் மேல்வாய்க்கால் ஓரத்து வீட்டில் சவுக்கியமாக இருக்கிறாள். இன்று காலைகூட கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஃபிதா அலிக்கு மாமியார்.

ஊர்மக்கள் வழங்கும் பெயராம்! ஊர்மக்கள் என்று அங்கே போட்டிருப்பது ஃபிதா அலி என்ற ஒரே ஒரு ஆளைத்தான்.

ஃபிதா அலியைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் வாயிலிருந்துதான் தொடங்கவேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பிறவி. தன்னுடைய நிக்காஹ் நடக்கும்போது ஊர் மதகுரு ஆகூன் கேட்ட கேள்விக்குச் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். எப்படிச் சம்மதம் வந்தது, யார் யார் வேண்டாமென்றார்கள், பெண் பார்க்கப் போன அன்று மழையா வெயிலா என்று ஆரம்பித்துவிட்டான். சோறு ஆறிப்போய் ஊரே பசியோடு உட்கார்ந்திருந்தது. ஸ்கர்து நகரத்தில் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலை கிடைத்தது. விருந்தாளிகள் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்ததும் முதலாளி கும்பிட்டு அனுப்பிவிட்டார். மலையேற வரும் கூட்டங்களுக்குச் சுமை தூக்கப் போனான். நல்ல தோள், நல்ல கால். ஆனால் கூட நடக்கிறவர்கள் எல்லோரும் அவனுக்கு முன்னால் அரை மைல், இல்லையென்றால் பின்னால் அரை மைல் நடப்பார்கள். கடைசியில் சமையலுக்கு மாற்றினார்கள். அடுப்பு திருப்பிப் பேசாது, எழுந்தும் போகாது.

அப்படிச் சமையல்காரனாகப் போனதுதான் குல்நாஸ் மேடத்தின் கூட்டத்தோடு. ஹுன்ஸாப் பள்ளத்தாக்குக்காரப் பெண். சின்ன வயசு, பெரிய படிப்பு. அந்தக் கையேட்டைத் தொகுத்தது அவள்தான். ஒவ்வொரு பனியாறாக நடந்து பார்ப்பாள், அளப்பாள், கடைசியில் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்பாள். பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இருந்தது. கிழக்கு மேட்டுக்குப் பின்னால் கிடந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. ஊரில் அதை 'அந்தப் பக்கத்துப் பனி' என்பார்கள், அவ்வளவுதான்.

தெரியாது என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கேள்வியைப் பதில் இல்லாமல் விடுவது ஃபிதா அலியின் சாதகத்திலேயே கிடையாது. அன்றைக்கு ஊரிலிருந்து கிளம்பும்போது வேறு மாமியார் வழி மறித்துக்கொண்டு, கூரைக்கு மண் போடாமல் ஊர் சுற்றப் போகிறான் என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். அந்தக் காரம் இன்னும் காதில் இருந்தது.

"அதுவா மேடம்? அது சுக்ரா" என்றான்.

அவள் எழுதிக்கொண்டாள். அவன் சமையல் கூடாரத்துக்குள் ஓடிப்போய் மற்றவர்களிடம் காரணத்தைச் சொன்னான். "எந்நேரமும் மொணமொணன்னு சத்தம். எப்பப் போனாலும் வழிய அடைச்சுக்கிட்டு நிக்கும். கோடையிலகூட எளகாது. வேற என்ன பேர வெக்கச் சொல்றீங்க?" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பருப்பு அடிப்பிடித்துப்போனது.

அச்சாகி வந்த புத்தகத்தில் ஒரு பிரதி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வாத்தியார் வாசலில் நின்று நம் பக்கத்துப் பனியாறுகளை மட்டும் உரக்கப் படித்தார். 'சுக்ரா' என்று வந்ததும் கூட்டம் மொத்தமாகத் திரும்பி ஒரே ஆளைப் பார்த்தது. ஃபிதா அலி அதற்குள் மாட்டுக்கொட்டிலுக்குள் போய்விட்டிருந்தான்.

சுக்ரா பீபி வாத்தியார் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "பெருசா?"

"நடுத்தரம்னு போட்டிருக்கு."

"தண்ணி விடுதா?"

"நல்லா விடுதாம்."

"நடுமடைக் காசிம் வீட்டு ஆளுங்க பேரு ஏதாவது புஸ்தகத்துல இருக்கா?"

"இல்லைங்க."

"சரி, மேல படி" என்றாள். கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது 'என் பனி' ஆகிவிட்டது. அந்தப் பக்கம் ஆடு ஓட்டிப் போகிறவர்களைக் கூப்பிட்டு வைத்து, "என் பனி மேல கல்ல விட்டெறியாதீங்கடா" என்று சண்டைக்கு நிற்பாள்.

இந்தக் கூத்தெல்லாம் ஒரு பக்கம் நடக்க, மழையும் பனியும் இல்லாமல் இரண்டு வருடம் ஓடிப்போனது. தொக்சாவின் வாய்க்காலில் கடைமடை ஃபிதா அலியின் நிலம். மேலே உள்ளவர்களுக்கெல்லாம் பாய்ந்து தீர்ந்து, வாய்க்கால் நனைந்திருந்தாலே அவனுக்குப் பெரிய விஷயம். வாற்கோதுமை முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. அவன் மனைவி ஷிரீன் கோபக்காரி இல்லை. அதனால்தான் அவள் சொன்னதை அவனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"அடுத்த வருசமும் இப்படின்னா ஸ்கர்துவுக்குப் போயிடலாம். அண்ணன் கடையில மூட்டை தூக்க ஆள் வேணுமாம்."

"அங்க யாரைத் தெரியும் எனக்கு? நான் யார்கிட்டப் பேசறது?"

"மூட்டைகிட்டப் பேசு" என்றாள்.

ஊரே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. பனிக்குக் கல்யாணம் செய்துவைப்பது. நம் பக்கத்தில் கஷ்டம் வந்தால் எப்போதும் செய்கிறதுதான். ஆண் பனி கறுப்பு. மேலெல்லாம் கல்லும் மண்ணுமாக, அசையாமல் கிடக்கும், தண்ணீர் தராது. பெண் பனி வெளுப்பு. வளரும், தண்ணீர் விடும். இரண்டிலும் கட்டிகள் வெட்டி, முதுகுக் கூடையில் சுமந்துபோய், வெயில் படாத உயரத்தில் ஒரு பொந்தில் ஒன்றாக வைத்து, கரியும் உமியும் போட்டு மூடினால் குடும்பம் பெருகும். நிதானமாகத்தான் பெருகும். ஆனால் முதல் ஓரிரண்டு கோடையிலேயே அந்த இடத்தில் ஈரம் கசிய ஆரம்பித்துவிடும் என்பார்கள். கடைமடைக்காரனுக்கு அதுவே போதும். எந்த வீட்டிலிருந்து சுமக்க ஆள் போகிறதோ அந்த வீட்டுக்குப் புதுப் பனியின் தண்ணீரில் பங்கு.

சுமக்கிறவர்களுக்கு இரண்டு கட்டுப்பாடு. கூடை தரையில் படக்கூடாது. வழியில் ஒரு வார்த்தை பேசக்கூடாது; பேசினவன் வீட்டுக்குப் பங்கு கிடையாது.

இரண்டாவதைக் கேட்டதும் ஊர்க்கூட்டத்தில் எல்லோருடைய தலையும் ஃபிதா அலி பக்கம் திரும்பியது.

"கூடவே கூடாது" என்றான் காசிம். வாய்க்காலின் நடுமடைக்காரன், எதற்கும் முதலில் எழுந்து நிற்கிறவன். "இவனக் கூட்டிக்கிட்டுப் போனா அங்க கல்யாணம் நடக்காது, தலாக்தான் நடக்கும். ரெண்டு பனியும் இவன் பேச்சக் கேட்டு வழியிலயே உருகிடும்."

"பேச மாட்டேன்! சத்தியமா பேச மாட்டேன். நீங்க வேணும்னா பாருங்க, நான் ஒரு தடவ பல்லு வலியில ரெண்டு நாள் பேசாம இருந்தேன், அப்ப என்ன ஆச்சுன்னா..."

"பாத்தீங்களா?" என்றான் காசிம். கூட்டம் சிரித்துத் தீர்ந்தது. ஆகூன் சாதிக் தாடியைத் தடவினார். அவர்தான் கல்யாணத்தை முன்நின்று நடத்துகிறவர். அவர் முகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஃபிதா அலி உட்கார்ந்தான். அவனுக்கு ஸ்கர்து கடைத்தெருவும் மூட்டைகளும் கண்ணுக்குத் தெரிந்தன.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "என் வியாழக்கிழமைத் தண்ணிய வெக்கறேன்."

சுக்ரா பீபி எழுந்து நின்றிருந்தாள். வியாழக்கிழமை தலைமடைத் தண்ணீர் அவளுடைய முறை. அவளுடைய ஆப்ரிகாட் மரங்கள் உயிரோடு இருப்பது அந்த ஒருநாள் தண்ணீரில்தான். அவள் உயிரோடு இருப்பது அந்த மரங்களில்.

"அவன் வாயத் தொறந்தான்னா என் தண்ணிய ஊருக்கு எடுத்துக்கங்க. இப்ப அவனக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா?"

தலைமடைத் தண்ணீர் என்றதும் காசிம்கூட உட்கார்ந்துவிட்டான். ஃபிதா அலி மாமியாரை வாய் பிளந்து பார்த்தான்.

"என்ன பாக்கற? போய் வெறகு வெட்டு" என்றாள்.

கிளம்புகிற நாள் காலையில் அவளே வீட்டுக்கு வந்தாள். இவன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அத்தை, அந்தப் பனிக்கு உங்க பேர வெச்சது..." என்று இழுத்தான்.

"நீ எதுக்கு வெச்சேன்னு எனக்குத் தெரியும். உன்கூடச் சமையல்கூடாரத்துல சிரிச்சவன்ல ஒருத்தன் என் தங்கச்சி மருமகன்."

இவன் குனிந்து கூடையின் கயிற்றைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

"காரணத்த யாரும் புஸ்தகத்துல எழுதல. பேருதான் இருக்கு. அது போதும் எனக்கு. வாய இறுக்கி மூடிக்கிட்டுப் போயிட்டு வா."

ஷிரீன் அவன் வாயில் பெரிய காய்ந்த ஆப்ரிகாட் பழமாக இரண்டு திணித்து அனுப்பினாள். பேச்சு வந்தால் முதலில் அவை தடுக்கும் என்று அவள் கணக்கு.

பெண் பனி எங்கிருந்து எடுப்பது என்று ஆகூன் முன்னமே முடிவு செய்திருந்தார். பக்கத்தில் நல்ல பெண் பனி என்றால் கிழக்கு மேட்டுக்குப் பின்னால் இருப்பதுதான். ஆக, வெட்டிய கட்டியில் பெரியது ஃபிதா அலியின் கூடைக்கு வந்து சேர்ந்தது. அவன் முதுகில் சுக்ரா. கீழே இறக்கவும் கூடாது, ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவும் கூடாது. கூட வந்தவர்கள் சிரிக்க முடியாமல் தோள் குலுங்க நடந்தார்கள். காசிமுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் முதுகில் ஆண் பனி, கறுப்புக் கட்டி.

கையேட்டின் புதுப் பதிப்புக்காக குல்நாஸ் மேடமும் வந்திருந்தாள். புதிதாகப் பிறக்கப்போகும் பனியாற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாளாம். அவள் சுமை தூக்கவில்லை, ஆகவே அவளுக்குக் கட்டுப்பாடு இல்லை. அதுதான் வினை. நடக்க நடக்க ஃபிதா அலியின் பக்கத்தில் வந்து, "அதோ அந்த மேட்டுக்குக் கீழ தெரியுதே, அதுக்குப் பேர் என்ன?" என்பாள். அவனுக்குக் காது மடல் சிவக்கும். பெயரும் தெரியும், அந்தப் பெயருக்கு மூன்று கதையும் தெரியும். பழத்தைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். ஆகூன் திரும்பி உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். "ஐயோ, மன்னிச்சிடுங்க" என்பாள். கொஞ்ச தூரம் போனதும் வேறொன்றைக் காட்டி, "இதுக்கு?" என்பாள். இப்படி ஒரு சோதனை எந்த மகானுக்கும் வந்திருக்காது. ஆனாலும் மத்தியானம் வரைக்கும் ஃபிதா அலி வாய் திறக்கவில்லை. ஓய்வெடுக்கக் கூடைக்கடியில் கைத்தடியை முட்டுக் கொடுத்து நின்றபோது ஆகூன் அவனைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. வாற்கோதுமை இடுப்பு உயரத்துக்கு நிற்பதாகவே பார்த்துவிட்டான்.

சரிவைக் குறுக்கே கடக்கும் இடத்தில் ஒற்றையடித் தடம். வரிசையில் காசிம் முன்னால், ஃபிதா அலி நாலைந்து பேருக்குப் பின்னால். மேலே எங்கேயோ பொலபொலவென்று மண் உதிர்ந்தது. ஃபிதா அலி நிமிர்ந்து பார்த்தான். ஒரு கல் கிளம்பி, குதித்து, நேராகக் காசிமின் தலைக்குக் குறி வைத்ததுபோல வந்துகொண்டிருந்தது. காசிம் காலடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். குனிந்து நடக்கிறவனுக்குக் கை எப்படித் தெரியும்?

"காசிம்! உக்காருடா!"

பழம் இரண்டும் வாயிலிருந்து பறந்து முன்னால் போகிறவன் பிடரியில் விழுந்தன. காசிம் அப்படியே குந்திவிட்டான். கல் அவன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. பழக்கப்பட்ட கால் என்பதால் அந்தக் குந்தலிலும் கூடையைத் தரையில் படாமல் பிடித்துவிட்டான்.

எல்லோரும் ஃபிதா அலியைப் பார்த்தார்கள். பிடி பிடியென்று பிடிக்க எல்லோருக்கும் வாய் துடித்தது. திட்டினால் அவர்களும் பேசியவர்கள் ஆகிவிடுவார்கள். கண்ணாலேயே திட்டினார்கள். ஒருவர் பல்லைக் கடித்தது இவன் காதுக்கே கேட்டது. ஆகூன் வெகுநேரம் அவனையே பார்த்துவிட்டு, கையால் 'நட' என்று காட்டினார். காசிம் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பாமல் நடந்தான்.

மிச்ச வழி முழுக்க ஃபிதா அலி அழுதுகொண்டே போனான். போச்சு. நிலம் போச்சு. அது போகட்டும், தன் வாய்க்குத் தான் கொடுக்கிற விலை. அந்தக் கிழவியின் வியாழக்கிழமையும் போச்சே! மரமெல்லாம் காயுமே! முதுகில் பனி உருகி இடுப்பு வரைக்கும் நனைந்தது அவனுக்குத் தெரியவில்லை.

உச்சியில் பொந்தைத் தயாராக வைத்திருந்தார்கள். கறுப்புக் கட்டியையும் வெள்ளைக் கட்டியையும் நெருக்கி வைத்து, கரியைக் கொட்டி, உமியைப் போட்டு, கல் அடுக்கி மூடினார்கள். ஆகூன் துவா ஓதி முடித்து, "இனிமே பேசலாம்" என்றார்.

குல்நாஸ் மேடம்தான் ஆரம்பித்தாள். "வழியில ஒரு சத்தம் கேட்டுதே, அது..."

"கல்லு" என்றான் காசிம்.

"இல்லை, அதுக்கு முன்னாடி. யாரோ கத்தினாங்களே?"

"கல்லுதான் மேடம்."

"உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்ததே?"

காசிம் தொப்பியைக் கழற்றி, கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "எங்க ஊர்க் கல்லுதான? என்னைத் தெரிஞ்சிருக்கும்."

பிடரியில் பழம் வாங்கினவன், "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான். இன்னொருவன், "காத்து பலமா இருந்துது" என்றான். இலை ஒன்றுகூட ஆடாத நாள் அது. எல்லோரும் ஆகூனைப் பார்த்தார்கள். அவர் சுமைக்கயிற்றைச் சுருட்டியபடியே, "இந்த ரம்ஜானுக்கு அப்புறம் எனக்குக் காது சுத்தமா மந்தம்மா. நீங்க எழுத வேண்டியத எழுதிக்கங்க" என்றார்.

அவள் எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "சரி, சுமந்தவங்க பேசலைன்னே போட்டுக்கறேன்" என்றாள்.

இறங்கும் வழியில் எல்லோரும் பேசிப் பேசியே வந்தார்கள், ஃபிதா அலியைத் தவிர. ஊருக்குள் வந்ததும் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஷிரீன் வாசலில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அவன் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும், எல்லாம் சரி. கல்யாணமும் நடந்தாயிற்று, பங்கும் உண்டு, ஊரே சாட்சி.

அவன் நேரே மேல்வாய்க்கால் வீட்டுக்குப் போனான். சுக்ரா பீபி அடுப்படியில் வெண்ணெய் போட்ட உப்புத் தேநீர் கடைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"வாயத் தொறந்தியா?"

"தொறந்துட்டேன் அத்தை."

கடைகிற கை நின்றது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவன் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னதில்லை. கல் வந்தது, கத்தினான், காசிம் பிழைத்தான், யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. "எல்லாரும் எனக்காகப் பொய் சொல்றாங்க. உங்க தண்ணிய வெச்சீங்க நீங்க. உங்ககிட்ட என்னால அந்தப் பொய்யச் சொல்ல முடியாது. நான் போய் ஊரக் கூட்டி ஒத்துக்கிறேன்" என்று எழுந்தான்.

"உக்காரு."

உட்கார்ந்தான்.

"கல்லு வர்றதப் பாத்துக்கிட்டு, என் தண்ணிக்காக நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தியானா" என்றாள் சுக்ரா பீபி, "நாளைக்கு விடியறதுக்குள்ள என் பொண்ணக் கூட்டிக்கிட்டு நானே ஸ்கர்துவுக்குப் போயிருப்பேன்."

கோப்பையை நிறைத்து அவன் கையில் வைத்தாள். தனக்கும் ஊற்றிக்கொண்டு, அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, இப்பச் சொல்லு. முதல்லேருந்து சொல்லு. அந்தக் கல்லு எவ்வளவு பெருசு?"

ஃபிதா அலி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் அகலமாக விரித்தான்.